இருபதுக்குப் பதின்மூன்று

1

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மர்சேய் துறைமுகத்துக்குப் பின்னால் நடக்கும் மாலை வகுப்பில், மின்சார வேலை கற்றுத்தரும் பிரெஞ்சுக்காரர், முசியே போல் என்பவர், எங்கள் மார்க்குகளை வாசித்தார். என் பெயரைச் சொல்லிப் "பதின்மூன்று" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

கோபித்துக்கொண்டு போகவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தால் பஸ்ஸில் எழுந்து நிற்போமே, அப்படி எழுந்தேன்.

"எங்கே போகிறீர்?" என்றார் அவர்.

"வீட்டுக்கு."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"பதின்மூன்று என்றீர்களே."

"ஆமாம். வகுப்பில் நீர் மூன்றாவது."

இருபத்திரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்து உட்கார்ந்தேன். பிரான்சில் மார்க் இருபதுக்குத்தான் போடுவார்கள். பத்து வந்தால் தேறியாயிற்று. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பதினைந்து வயது வரை நானும் இருபதுக்குத்தான் மார்க் வாங்கினேன். தலைக்குத் தெரிந்திருந்தது. கால்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் எழுதுவார்கள். இங்கே பனி பெய்வது அபூர்வம். பாலம் நன்றாக இருக்கிறது. நான் அந்தக் கால்களைப் பற்றி எழுதுகிறேன்.

2

நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்தவன். பெயர் மரிநாதன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டிருந்தார். அங்கே எங்கள் வாத்தியார் வருஷத்தின் முதல் நாளே கணக்கைச் சொல்லிவிடுவார்: "இருபது ஆண்டவருக்கு. பத்தொன்பது எனக்கு. பதினெட்டிலிருந்து கீழே உள்ளதை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்." அவர் பதினாறுக்கு மேல் யாருக்கும் போட்டு நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வாங்கினால் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார். பதினான்கு வாங்கினால் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவார். அது ஒரு வாரம் இருக்கும்.

என் மார்க் பதினான்கு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பதினாலு என்றால் என்னவென்று தெரியும். ஆலையில் சாப்பாட்டு மணி அடித்ததும், யாரும் கேட்காமலே, "எம் பையன் பதினாலு" என்பாராம்.

பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி ஏறிய மறு வருஷம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "இனிமே இங்கிலீசுதான்டா. பிரெஞ்ச வெச்சிக்கினு ரொட்டிதான் வாங்கலாம்." அவரைப்போல நினைத்த வீடுகள் பல இருந்தன. எங்கள் பள்ளியிலிருந்தும் பெண்கள் பள்ளியிலிருந்தும் பத்தொன்பது பேர் இங்கிலீஷ் வகுப்புக்கு மாற மனுப் போட்டோம்.

அந்த மனுக்களைப் பார்க்க, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில், தற்காலிகம் என்று பலகை மாட்டி ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறது.

3

அச்சடித்த படிவம் சென்னையிலிருந்து எல்லையைத் தாண்டி வந்திருந்தது. அதில் மார்க்குக்கு ஒரு கட்டம். கட்டத்தின் தலையில் 'நூற்றுக்கு' என்று அச்சாகியிருந்தது. பட்டியல் எழுதிய குமாஸ்தா எங்கள் மார்க் சீட்டுகளைப் பார்த்து, அதில் இருந்த எண்ணை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதினார். பிழையில்லாமல் எழுதினார். நல்ல கையெழுத்து.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் பிலோமினா. எங்கள் தெரு முனையில் ரொட்டிச் சூளை வைத்திருந்தவரின் மகள். என் வயதுதான். காலையில் கூடையில் ரொட்டி கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவாள். அவளுக்குப் பதினாறு. நான்காவது பெயர் என்னுடையது. கடைசிக் கட்டத்தில் பத்தொன்பது பேருக்கும் ஒரே வாசகம்: 'தகுதிக் குறைவு. இரண்டு வகுப்பு இறக்கிச் சேர்க்கவும்.'

நாங்கள் சிரித்தோம். பத்தொன்பது பேரும் தோற்றிருக்கிறார்கள், முதல் மாணவிக்கே பதினாறு என்றால், எழுதியவருக்கே சந்தேகம் வந்துவிடும், நாளைக்கு வந்து கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தோம். யாரும் வரவில்லை. ஐப்பசி மழை வந்து பட்டியலைக் கிழித்தது. அதற்குள் நாங்கள் ஒன்பதாவதில் உட்கார வேண்டியவர்கள் ஏழாவதில் உட்கார்ந்திருந்தோம்.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வராததற்கும் காரணம் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பாட்டும் படமும்தான் சொல்லித்தருவார்கள் என்று பாதி ஊர் நம்பியது. மீதி ஊர் அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பியது.

4

ஏழாவது வகுப்புப் பெஞ்சு பன்னிரண்டு வயதுக்காகச் செய்தது. என் முழங்கால் மேசைக்கு மேலே நின்றது. பக்கத்தில் இருந்த பொடியன்கள் என்னை மாமா என்றார்கள்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக் குந்து. போர்டு மறைக்குது."

"மாமா, உனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவர்கள் கெட்ட பையன்கள் இல்லை. ஒருவன் எனக்குத் தினமும் புளியங்காய் கொடுத்தான்.

பாடங்கள் எல்லாம் இங்கிலீஷில் நடந்தன. கணக்கு எனக்குத் தெரியும், கேள்வி தெரியாது. முதல் மாதப் பரீட்சையில் சரித்திரத் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, தெரிந்த இரண்டு கேள்விக்கு எழுதினேன். தாள் திரும்பி வந்தது. பதினான்கு. இந்தத் தடவை உண்மையாகவே நூற்றுக்கு.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அலுவலகம் தப்பு, நான் சரி என்று இருந்தேன். இப்போது அவர்கள் எழுதிய எண்ணை நானே வாங்கி வந்துவிட்டேன். ஒருவேளை இவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. சொன்னால் சிரிப்பீர்கள். பதினைந்து வயதில் தோன்றியது அதுதான்.

அதே வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு ஆலைக்குப் போனேன். வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவரின் பையன் எங்கள் ஏழாவதில் படித்தான்.

"ஏம்ப்பா, பதினாலு பதினாலுன்னு சொல்லிக்கினு இருந்தியே, அது நூத்துக்கா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

அப்பா தூக்கைத் திறந்து குழம்பைப் பார்த்தார். "உப்பு தூக்கலா இருக்குது" என்றார். இன்னும் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆலையில் என் மார்க்கைச் சொல்லவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

5

பிலோமினா திட்டினாள். என்னை இல்லை, அலுவலகத்தை. பள்ளி விட்டதும் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எழுதிய குமாஸ்தா அன்று வாசல் மேசையில் இருந்தார். மெலிந்த மனிதர், மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்.

"எங்க மார்க்கு இருபதுக்கு சார். நூறுக்குன்னு எழுதிட்டீங்க."

"இருபதுக்கு எவனாவது பரீட்ச வெப்பானாம்மா?"

"வெச்சாங்க சார். வருசா வருசம் வெச்சாங்க."

"சீட்டுல இருபதுன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் யாரும் அதை எழுதுவதில்லை. வாரத்துக்கு ஏழு நாள் என்று காலண்டரில் எழுதுவோமா?

"அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து லெட்டர் வாங்கிக்கினு வா" என்றார்.

என் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியர் பிரான்சுக்குக் கப்பல் ஏறியிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவர், "உலகத்துக்கே தெரிந்த விஷயத்துக்கு நான் கடிதம் கொடுத்தால் என்னைப் பைத்தியம் என்பார்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மறுபடி அலுவலகம். இந்தத் தடவை அவள் உள்ளே இருந்த அதிகாரியிடமே போய்விட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு காகிதத்தில் பதினாறை எழுதி ஐந்தால் பெருக்கினார்.

"எம்பது வருது."

"ஆமா சார்."

"எம்பது வாங்குற பொண்ணு இந்த ஊர்ல எங்கம்மா இருக்குது? இதயும் நம்ப முடியலியே."

பதினாறு குறைச்சல், எண்பது அதிகம். நடுவில் எங்களுக்கு என்று ஓர் எண் இருந்தால் சொல்லுங்கள் என்று நானே கேட்டிருப்பேன். வாய் வரவில்லை. பிலோமினாவுக்கு வந்தது.

"இந்த லிஸ்ட்ட எழுதுனது யாரு சார்?"

"ஆபீஸ் எழுதுச்சு."

"ஆபீஸ்ல யாரு?"

"ஆபீஸ்ல ஆபீஸ்தாம்மா."

எழுதியவர் நாலடி தள்ளி உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். வெளியே வரும்போது அவர் எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஒருத்தருக்கு மாத்துனா பத்தொம்பது பேருக்கும் மாத்தணும். அப்ப தப்பா எழுதுனது எவன்டான்னு கேப்பாங்க. எனுக்கும் புள்ளகுட்டி இருக்குதும்மா. நீ எப்பிடியும் படிச்சிக்குவ."

அவர் சொன்னதில் பாதி சரி. அவள் படித்துக்கொண்டாள்.

6

அவள் மனு எழுதினாள். பத்தொன்பது பேருக்கும் எண் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு, வீடு வீடாகக் கொண்டுபோனாள். ஏழு பேர் போட்டார்கள். என்னிடம் மூன்று தடவை வந்தாள்.

நான் போடவில்லை. காரணம் இதுதான். மனுவைப் பார்த்துவிட்டு, சரி, உங்களுக்கு மறுபடி பரீட்சை வைக்கிறோம் என்று சொல்லிவிட்டால்? அதிலும் பதினான்கு வாங்கினால்? இப்போதைக்கு அலுவலகம்தான் என்னை மக்கு என்கிறது. அப்போது நானே சொன்னதாகிவிடும்.

இதை அவளிடம் சொல்லவில்லை. "இதெல்லாம் ஆவப்போறதில்ல பிலோமினா" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்தாள். "உன் பேர அடிக்கல. எடம் உட்டு வெச்சிருக்கேன். எப்பத் தோணுதோ அப்ப போடு."

அடுத்த மாதம் பள்ளியை விட்டேன். பாரம் தூக்கினேன். சென்னைத் துறைமுகத்தில் இரண்டு வருஷம், பிறகு ஒரு கப்பலின் சலவை அறையில் எட்டு மாதம். அந்தக் கப்பல் மர்சேயில் பழுதுபார்க்க நின்றது. நான் இறங்கிவிட்டேன். இரண்டு குளிர்காலம் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். விரல்கள் வெடித்தன, பிறகு பழகிக்கொண்டன. இப்போது மின்சாரச் சாமான் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறேன். முதலாளி பேசுவது குறைவு, சம்பளம் நேரத்துக்கு வரும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஏழு வருஷமும் எங்கே எந்த வேலை கேட்டாலும், "எதுவரை படித்தாய்?" என்று கேட்பதற்கு முன்னாலேயே, "படிக்கவில்லை" என்று சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டுச் சிரிப்பதைவிட அது நல்லது. கடினமான வேலையைப் பார்த்தால், எனக்கு வராது என்று கை தானாகப் பின்னுக்குப் போகும். பிறகு செய்து பார்த்தால் வரும். கை அடுத்த தடவையும் பின்னுக்குப் போகும்.

7

முசியே போல் என்னை அந்த வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் நிறுத்தினார். வருகிற கோடையில் தொழில் தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். தேறினால் கடையில் உதவியாளாக இல்லாமல் தொழிலாளியாக இருக்கலாம். ஒன்றே ஒன்று வேண்டும்: எட்டாவது வரைக்காவது தகுதி இருந்ததாகப் பிறந்த ஊர்ச் சான்று.

தேர்வுப் பதிவுச் சாளரத்தில் இருந்த பெண் படிவத்தைக் கொடுத்துவிட்டு, "பிரெஞ்சா, இந்தியரா?" என்று கேட்டாள்.

"புதுச்சேரி."

"அப்படி ஒரு கட்டம் இல்லை."

எனக்குக் கட்டங்களோடு பழக்கம் உண்டு என்று சொல்ல நினைத்தேன். அவள் பென்சிலால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள். எந்த நாட்டுக் குடிமகன் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிப் புதுச்சேரிக்காரர்களுக்குக் கடிதம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும்.

ஊருக்கு எழுதினேன். எங்கள் சேர்க்கைத் தாள்கள் எல்லாம் அந்தத் தற்காலிக அலுவலகத்தில்தான் இருந்தன. 'மேற்படி மாணவன் ஏழாவதில் நின்றுவிட்டான்' என்று சான்று வரும். அதோடு தொழில் தேர்வு ஆசை முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். தபால்தலையை நாக்கில் தடவும்போதே சிரிப்பு வந்தது.

பதினொரு வாரம் கழித்து ஓர் உறை வந்தது. சான்று பிரெஞ்சில் இருந்தது. முதல் பத்தி எதிர்பார்த்ததுதான்: பதிவேட்டின்படி, இரண்டு வகுப்பு இறக்கி ஏழாவதில் சேர்க்கப்பட்டான், விலகினான். அதற்குக் கீழே, அதே மையில், இன்னும் நான்கு வரி. 'இந்த மாணவனின் மதிப்பெண் இருபதுக்குப் பதினான்கு. இந்த அலுவலகம் அதை நூற்றுக்கு என்று பதிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு உரியவனாக இருந்தான். தவறு இந்த அலுவலகத்தினுடையது.' வட்ட முத்திரை. அதன் பக்கத்தில் எழுதியவர் என்று போட்டு ஒரு முழுப் பெயர், புரியும்படியான கையெழுத்து.

பிலோமினா.

8

உறைக்குள் அவள் கடிதம் தனியாக இருந்தது. அதில் பாதியை அப்படியே தருகிறேன்.

'மரிநாதா, நான் இங்க குமாஸ்தாவா சேந்து ரெண்டு வருசம் ஆவுது. நம்ம லிஸ்ட்ட எழுதுனவரு ஓய்வு வாங்கிக்கினு போனதுல காலியான நாற்காலிதான். மொத வாரமே அலமாரிய ஒழிச்சப்ப பத்தொம்பது பேரோட தாளும் கெடச்சுது. அதிகாரிகிட்ட காமிச்சேன். பழசக் கெளறாதன்னாரு. யாராவது எழுதிக் கேட்டாத்தான் பதில் சொல்லலாம்னு விதி. ரெண்டு வருசமா எவனாவது கேப்பானான்னு பாத்துக்கினு இருந்தேன். நீ கேட்டுட்ட.

பதிவேட்டுல உள்ளத மட்டும் எழுதுன்னாரு. அதயும் எழுதுனேன், உண்மையயும் எழுதுனேன். அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. இத எழுதுனது யாருன்னு நாளைக்குக் கேட்டா நான் இன்னா சொல்றதுன்னு கேட்டாரு. பேரு கீழ இருக்குது சார்னு சொன்னேன். உனக்குக் குடுத்துட்டு மத்தவங்கள உட முடியாதுல்ல. அதனால என்னயும் சேத்து பத்தொம்பது பேருக்கும் எழுதிட்டேன். பதினோரு தபாலு ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சு. உங்க அப்பாவுக்கு ஒண்ண நானே கொண்டும்போயி படிச்சுக் காமிச்சேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. அப்பறம் அத மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினு ஆலைக்குப் போயிட்டாரு. இன்னிக்கி லீவாச்சே மாமான்னு சொல்றதுக்குள்ள போயிட்டாரு.

என்னய காரைக்கால் கிளைக்கு மாத்திட்டாங்க. அங்கயும் கடல் இருக்குதாம். பழைய மனு இத்தோட வருது. உன் எடம் காலியாத்தான் இருக்குது.'

மனுவின் காகிதம் மஞ்சளாகியிருந்தது. ஏழு கையெழுத்து. நான்காம் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. போட்டேன். அதை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை; காரைக்காலுக்கு அனுப்பினேன்.

சான்றைப் பதிவுச் சாளரத்துக்குக் கொண்டுபோனேன். அதே பெண். இரண்டு பத்தியையும் படித்தாள்.

"இதில் மேலே ஒன்று இருக்கிறது, கீழே வேறொன்று இருக்கிறது" என்றாள்.

"ஆமாம்."

"கையெழுத்துப் போட்டிருப்பது யார்?"

"எழுதியவர்."

"அதிகாரி இல்லையா?"

"அதிகாரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்றேன். அது பொய். அவள் என்னைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், என் பெயரைப் பட்டியலில் எழுதினாள். எழுதிவிட்டு, கீழே தன் முதலெழுத்தைப் போட்டாள். இங்கே அது வழக்கம். நான் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வரிசையில் பின்னால் இருந்தவர் இருமினார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது பட்டியல் எழுதுகிற வேலையில் இருக்கலாம். தப்பாக எழுதுவது பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. நானும் போன மாதம் ஒரு வானொலிப் பெட்டியில் கம்பியை இடம் மாற்றிக் கொடுத்துப் புகை வரவைத்தேன். ஆனால் கடை முதலாளி, "இது யார் செய்தது?" என்று கேட்டபோது, கடை செய்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான்தான் என்றேன். திரும்பச் செய் என்றார். பத்து நிமிஷ வேலை.

சென்ற வியாழக்கிழமை முசியே போல் மறுபடி மார்க் வாசித்தார். போன தடவையை விடக் கடினமான தாள். என் பெயரைச் சொல்லிப் பன்னிரண்டு என்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வகுப்பும் பார்த்தது.

என் பை மேசைக்குக் கீழேதான் இருந்தது. கால் இரண்டும் அதன் பக்கத்தில் இருந்தன. அவர் அடுத்த பெயரை வாசித்தார்.